அம்மா கேட்ட சங்கீதத்தின் இலக்கம்

எங்கள் அன்பு அம்மா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலர் குறித்த நாளுக்குப் பத்து நாள் பிந்தியே அச்சுக்குப் போகிறது. அதற்கு அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம், குற்றவாளி நான்தான். இந்தக் கட்டுரையை ஐந்தாறு தரம் எழுதினேன். எழுதுவதும் எழும்பி முற்றத்தில் நடப்பதும் திரும்ப வந்து எழுதியதை வெட்டுவதுமாக நாட்கள் போயின. கணிதம் படிப்பிக்கிறவளுக்குக் கட்டுரை வராது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். உண்மை அதுவல்ல. ஒரு விடயத்தை மறைத்து எழுதப் பார்த்தேன், மறைத்த இடமெல்லாம் பொய்யாகத் தெரிந்தது. இம்முறை மறைக்கவில்லை. மறைக்காதே என்று சொன்னவரே அதில் சம்பந்தப்பட்டவர்தான்.

அம்மா குருநகரில் ஒரு கடற்றொழிலாளர் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். விடிந்தால் பூசை, பொழுதுபட்டால் செபமாலை என்றிருந்த கத்தோலிக்கக் குடும்பம் அது. தகப்பனார் ஒரு நாள் தொழிலுக்குப் போய்க் கரை திரும்பவில்லை. அதன் பிறகு அம்மா கன்னியர் பாடசாலைப் படிப்பை இடையில் நிறுத்தித் தட்டச்சுப் பழகினார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும், அதாவது புரூவ் பார்க்கும், வேலை கிடைத்தது. தாயாரையும் தங்கையையும் அந்தச் சம்பளத்திலேயே பார்த்தார். அந்தத் தங்கைதான் எங்கள் சின்னம்மா.

எங்கள் தகப்பனாரான ஐயா பருத்தித்துறைத் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். தங்கள் புரட்டஸ்தாந்து சபையின் ஆண்டுவிழா மலரை அடிக்கக் கொடுத்துவிட்டு, புரூவைப் பார்க்க அந்த அச்சகத்துக்குப் போனார். உள்ளேயிருந்து வந்த மெலிந்த பெண்பிள்ளை தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாராம்:

"உங்கடை மலரிலை ஏழு வசனம் சொன்ன இடத்திலை இல்லை. நீங்கள் வேதத்தைத் திறந்து பாத்து எழுதினனீங்களோ, ஆரும் சொல்லக் கேட்டு எழுதினனீங்களோ?"

"அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எனக்கு நாலு மாதம் பிடிச்சுது" என்று ஐயா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். நாலு மாதமும் ஏதோவொரு துண்டுப் பிரசுரத்தைக் காவிக்கொண்டு அச்சகத்துக்கு அலைந்திருக்கிறார். சபைக்கு அவ்வளவு துண்டுப் பிரசுரம் தேவைப்படவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரு வீட்டாருக்கும் விருப்பமில்லாத கலியாணம். அம்மா ஐயாவின் சபையில் சேர்ந்தார். பருத்தித்துறையில் ஐயாவின் வீட்டு வளவில் அப்போது ஐயாவின் அக்கா, அதாவது எங்கள் மாமி, வீட்டை நடத்திக்கொண்டிருந்தார். மாமி மணமுடிக்காதவர். தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அந்த வீட்டில் மாமி சொன்னது சட்டம்.

அம்மா வேலையை விட்டார், ஆனால் வேலை அம்மாவை விடவில்லை. ஆராதனை முறைமை, நல்லடக்கத் தாள், நினைவு மலர் எதுவானாலும் எங்கள் வடமராட்சிப் பகுதியில் கிறிஸ்தவ வீட்டுக் காரியமென்றால் அச்சுக்குப் போகுமுன் அம்மாவின் கைக்கு வரும். வேத வசனங்களின் இடத்தைக் குறிப்பதில் அம்மா ஒரு பிழை பொறுக்கமாட்டார். ஒரு தாளில் "சங்." என்றும் அடுத்த தாளில் "சங்கீதம்" என்றும் இருந்தால் தாளையே திருப்பி அனுப்புவார். புத்தகத்தின் பெயர் முழுதாக வரவேண்டும், அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் முக்காற்புள்ளி வரவேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. பெயர் ஒரு வரியின் கடைசியிலும் இலக்கம் அடுத்த வரியிலும் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. புருசன் வாசற் படலைக்கு உள்ளேயும் பெண்சாதி வெளியேயும் நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

"ஆர் உதைப் பாக்கப்போகினம் அம்மா?" என்று நான் எரிந்து விழுவேன்.

"செத்தவீட்டிலை அழுதுகொண்டு ஒராள் வேதத்தைத் திறக்கும், பிள்ளை. திறந்த இடத்திலை அந்த வசனம் இருக்கோணும். இல்லாட்டி அந்த நேரம் அந்த ஆளுக்கு ஆர் துணை?"

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது கொடிகாமத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் எத்தனையோ குடும்பங்களோடு கிடந்தோம். அங்கேயும் ஞாயிறு ஆராதனைத் தாளை அம்மா பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் கையால் எழுதினார். தண்ணீருக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை, இந்த மனுசி முக்காற்புள்ளியை நேராக்கிக்கொண்டிருக்கிறா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வீடு திரும்பியபோது கூரை இல்லை. ஐயாவும் அம்மாவும் அதைத் திரும்பப் போட்டார்கள். ஐயா காலமான பிறகு அம்மா கணினி பழகினார். கத்தோலிக்க வீடுகளும் அவரிடம் வரத் தொடங்கின. பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் சங்கீதங்களின் இலக்கம் பெரும்பாலும் எங்களுடையதற்கு ஒன்று குறைவாக இருக்கும். அதனால் அவர்களுக்கு அம்மா இரண்டு இலக்கத்தையும் போட்டுக் கொடுப்பார். இதெல்லாம் அவர் சொல்ல நான் காதில் போடாமல் விட்டவை.

சென்ற ஆண்டு அம்மா நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மருந்துத் துண்டின் பின்புறத்தில் எழுதி என்னிடம் தந்தார்: "என் அடக்கத்துக்கு சங்கீதம் 129." வேறொன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் கண்ணை மூடினார்.

துண்டில் இருந்தபடி நான் நல்லடக்கத் தாளில் அடித்தேன், போதகரும் அடித்தபடி வாசித்தார். வாசிக்க வாசிக்க ஆலயத்தில் ஓர் அசைவு. சிறு வயதிலிருந்தே என்னை வருத்தினார்கள் என்று தொடங்குகிற சங்கீதம் அது. என் முதுகில் ஏர் பூட்டி நீளநீளமாக உழுதார்கள் என்று போகிறது. ஐயாவின் சொந்தங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒருதரம் கூடக் குறை சொல்லாத மனுசி பெட்டிக்குள் கிடந்துகொண்டு எங்கள் எல்லாரையும் கூண்டில் ஏற்றிவிட்டது போல இருந்தது.

எட்டாம் நாள் மாமி என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார்.

"பிள்ளை, அது எனக்குத்தான் வாசிச்சது. உன்ரை அம்மாவின்ரை தாய் செத்த அண்டைக்குக் குருநகரிலையிருந்து ஒராள் சைக்கிளிலை வந்தவர். நான் படலையிலையே மறிச்சு, நான் சொல்லுறன், நீங்கள் போங்கோ எண்டு அனுப்பிப்போட்டன். அடக்கம் முடிஞ்சு அடுத்த நாள்தான் அவளுக்குச் சொன்னனான்."

"ஏன் மாமி?"

"நீ அப்ப வயித்திலை. வயித்துப்பிள்ளைக்காரி அலையக்கூடாது எண்டு சாட்டுச் சொன்னனான். உண்மை என்னெண்டால், அங்கை பூசைக்குப் போனால் அவள் திரும்பி வரமாட்டாள், என்ரை தம்பியும் பின்னாலை போயிடுவான் எண்டு பயம்."

"அம்மா என்ன சொன்னவா?"

"குசினிக்குள்ளை போய் உலையை இறக்கினவள். அதுக்குப் பிறகு இவ்வளவு வருசத்திலை என்னோடை ஒரு சண்டை பிடிச்சிருப்பாளோ? பிடிச்சிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்."

மாமி அழுதார். நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு எட்டு மாதம் நான் மாமியுடன் கதைக்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பேன், மூடியைத் திறந்து வைப்பேன், திரும்பி வந்துவிடுவேன். ஊரார் கேட்டால் பாடசாலையில் வேலை கூடிப்போச்சு என்பேன். இந்த மலர் வேலையைத் தொடங்கியபோதும் மாமியிடம் ஒரு கட்டுரை கேட்கவில்லை.

வந்து சேர்ந்த கட்டுரைகளை அம்மாவின் முறைக்குக் கொண்டுவர உட்கார்ந்தேன். ஒருவர் இலக்கத்துக்கு முன் கோடு போட்டிருந்தார், ஒருவர் அதிகாரம் வசனம் என்று நீட்டி எழுதியிருந்தார், கனடாவிலிருந்து வந்ததில் ஆங்கிலச் சுருக்கம். ஒவ்வொன்றையும் வேதத்தைத் திறந்து சரிபார்த்துத் திருத்தினேன். பார்க்காமல் திருத்த அம்மா விடமாட்டார். அப்படியே சின்னம்மாவின் கட்டுரைக்கு வந்தேன். "எங்கள் தாயாரின் அடக்கத்தில் சொன்ன 129ஆம் சங்கீதத்தையே அக்காவும் கேட்டிருக்கிறா" என்று எழுதி, அதன் முதல் அடியையும் போட்டிருந்தார். ஆழத்தில் கிடந்து உம்மைக் கூப்பிடுகிறேன் என்று தொடங்கும் அடி. திறந்து பார்த்தேன். அது 129இல் இல்லை, 130இல் இருந்தது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் குருநகருக்குப் போனேன். சின்னம்மா அட்டை கழன்ற ஒரு பழைய செபப்புத்தகத்தை எடுத்து வந்தார். மரித்தோருக்கான செபத்தில் அதே சங்கீதம், தலையில் 129.

"அடக்கத்துக்கு நீங்களும் வந்தனீங்கள்தானே சின்னம்மா. வேறை சங்கீதம் வாசிக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"தாளிலை 129 எண்டு கண்டனான், பிறகு எனக்கு எங்கையடி பிள்ளை காது கேட்டது? நான் அக்காவின்ரை முகத்தையெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்."

"அம்மாவுக்கு ரெண்டு இலக்கமும் தெரியுமே. ஊருக்கெல்லாம் பிரிச்சுப் போட்டுக் குடுத்தவா."

"சாகக் கிடக்கேக்கை சின்னனிலை பாடமாக்கினதுதான் பிள்ளை வாயிலை வரும்."

அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு நிமிடமும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான்தான் அம்மாவின் வாயில் குற்றச்சாட்டைத் திணித்திருக்கிறேன். இதை மாமிக்குச் சொல்லவேண்டும். சொன்னால் மாமியின் நெஞ்சுப்பாரம் இறங்கிவிடுமே என்பதுதான் என் கவலையாக இருந்தது. இதை எழுத வெட்கமாயிருக்கிறது. மாமி நிம்மதியாக இருப்பதை நான் விரும்பவில்லை. நாலு நாள் சொல்லாமல் திரிந்தேன். ஐந்தாம் நாள் சாப்பாட்டைக் கொண்டுபோனபோது, அம்மாவுக்குப் பிழையான சங்கீதத்தை வாசிக்க வைத்த பாவத்தோடு இந்தப் பாவமும் எனக்கு ஏன் என்று தோன்றியது. நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்ப அந்த ஆழத்திலையிருந்து எண்டது அவளின்ரை தாயின்ரை அடக்கத்திலை சொன்னதோ?"

"ஓம் மாமி."

"என்னைக் குற்றம் சொல்லேல்லை எண்டு நீ சொல்லுறாய். அதைவிடப் பெரிசு பிள்ளை இது. தாய்க்குச் சொல்லேக்கை பக்கத்திலை நிண்டு கேக்க நான் விடேல்லை. அதைத்தான் அவள் கடைசியிலை கேட்டிருக்கிறாள். அதுவும் கிடைக்கேல்லை."

அந்த இடத்தில் என் கோபத்துக்குக் கால் இல்லாமல் போயிற்று. பாரம் இறங்கும் என்று நான் பயந்தேன், அது கூடித்தான் போனது. கடைசி முறை கிடைக்காமல் போனதற்கு மாமி காரணமில்லை. துண்டைப் பார்த்து அடித்தவள் நான். ஒரு தரம் வேதத்தைத் திறந்து பார்த்திருந்தால், இது அம்மா கேட்கக்கூடியதுதானா என்று யோசித்திருப்பேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் இருந்தும், ஏன் இந்தச் சங்கீதம் என்று நான் கேட்கவில்லை.

"எழுது பிள்ளை" என்றார் மாமி. "மலரிலை எழுது. ஆளை மறைச்சு எழுதாதை. மாமி எண்டே போடு."

அதனால்தான் இது இங்கே இருக்கிறது. மலரின் முகப்பில், அம்மா மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்த முறையிலேயே, சங்கீதம் 130 என்றும் அடைப்புக்குள் பழைய இலக்கம் 129 என்றும் போட்டிருக்கிறோம். ஒரே வரியில் நிற்கிறது.

நோயில் அம்மாவைப் பராமரித்த தாதிமாருக்கும், ஆராதனையை நடத்திய போதகருக்கும், பெட்டி சுமந்த ஐயாவின் பக்கத்துப் பிள்ளைகளுக்கும், குருநகரிலிருந்து வான் பிடித்து வந்த சொந்தங்களுக்கும், கட்டுரைகள் அனுப்பியவர்களுக்கும், என் இழுத்தடிப்பைப் பொறுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செபப்புத்தகத்தைத் தந்துதவிய சின்னம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஆண்டு நினைவன்று காலையில் எல்லாரும் முதலில் குருநகர்ச் சேமக்காலைக்குப் போகிறோம். அம்மாவின் தாயாருடைய கல்லறையில் அந்தச் சங்கீதத்தைத் தானே வாசிக்கவேண்டும் என்று மாமி கேட்டிருக்கிறார். பின்னேரங்களில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்துப் பழகுகிறார், நான் பக்கத்தில் இருக்கிறேன். மூன்றாம் வசனம், நீர் குற்றங்களை நினைவில் வைத்திருந்தால் யார்தான் நிற்கமுடியும் என்று கேட்கிறது. ஒவ்வொரு நாளும் மாமியின் குரல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நான்காம் வசனம் மன்னிப்பைப் பற்றியது. அன்றும் மாமியால் முடியாமற் போனால், அதை நான் வாசிப்பேன்.