சனிக்கிழமைப் பிரதி

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் அந்த அக்காவைப் போல ஒரு வாய்க்காரியை நான் கண்டதில்லை. அவரைப் போல ஒரு கெட்டிக்காரியையும் கண்டதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நான் வைத்திருந்த சின்ன அச்சுக்கோப்புக் கடையின் கம்ப்யூட்டருக்கு அவர்தான் வைத்தியர். சனிக்கிழமைதோறும் வந்து, முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, கைப்பையில் போட்டுக்கொண்டு போவார். சோதனைச் சாவடியில் பையைக் கிளறினால், சிங்களத்தில் நாலு வார்த்தை சொல்லி ஆமிக்காரர்களையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் நகர்வார். எனக்கு அந்தப் பிரதி எடுப்பு வீண் வேலையாகவே பட்டது.

கண் ஒப்பரேசனுக்கென்று அப்பா என்னிடம் வந்திருந்தபோது சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை மூடிவிட்டது. அம்மா யாழ்ப்பாணத்தில் தனித்துப் போனார். அங்கேயே காலமானார். விமானத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அப்பா கடைசி முகம் பார்க்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு, இறந்தவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கல்வெட்டு என்போம். அதில் ‘கணவர் புலம்பல்’ என்று ஒரு பக்கம் வரும். அம்மாவிடம் சொல்லிக்கொள்ள அப்பாவுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

புலம்பல் என்றால் பாட்டாக இருக்கவேண்டும். எங்கள் கடையிலேயே நாலைந்து தயாராகக் கிடக்கும். பெயரை மாற்றினால் போதும். அப்பாவோ வெள்ளிக்கிழமை பேசுகிற மாதிரியே சொன்னார், நான் அடித்தேன். “நீ இடியப்பம் அவிக்கேக்க நான் பேப்பர் வாசிச்சுச் சொல்லுவன். இனி ஆருக்கு வாசிக்கிறது?”

ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்துக் காட்ட, கனடாவிலிருந்து பெரியப்பா போனில் குதித்தார். “சனம் சிரிக்கப் போகுது. முறையாப் பாட்டைப் போடு!”

“அண்ணை சொன்னால் சரி” என்று அப்பா எழும்பிப் போய்விட்டார். மனமில்லாமலே திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை அழித்துப் பாட்டை ஏற்றினேன்.

புதன்கிழமை, கரண்ட் போய் வந்த வேகத்தில் கம்ப்யூட்டரின் போர்டும் டிஸ்க்கும் சேர்ந்து போய்விட்டன. பழைய எழுத்துரு, பழைய மென்பொருள். அவற்றின் சீடி எப்போதோ தொலைந்துவிட்டது. அக்காவுக்குப் போன் பண்ணிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

“ஏன் தம்பி மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு இரிக்கிறீங்க? சனிக்கிழமை வரைக்கும் எல்லாம் என்ட பேக்ல இரிக்கி” என்றபடி வந்தார் அக்கா.

அந்தப் பிரதியை அவர் மெய்நிகர் கணினியாக மாற்றினார். அதாவது, செத்துப்போன எங்கள் கம்ப்யூட்டர் முழுதாக அவருடைய மடிக்கணினிக்குள் ஒரு ஜன்னலில் ஓடவேண்டும். கேட்கவே எனக்குக் கதைபோல இருந்தது. மாற்றி முடிக்கப் பகல் முழுக்கப் பிடித்தது. முதல்தரம் பிழை என்று காட்டும் நீலத்திரைதான் வந்தது. “பழைய போர்ட தேடுது சனியன். இரு, புது வீட்ட பழக்குறன்” என்று திட்டித் திட்டியே எதையெதையோ திருத்தினார். இரண்டாந்தரம் எங்கள் நல்லூர்க் கோபுரப் படத்தோடு திரை வந்தது. என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன்.

“எனக்கா கோபுரத்துக்கா?” என்றார். அவருக்குத்தான்.

கல்வெட்டைத் திறந்தேன். அது சனிக்கிழமை இருந்தபடி இருந்தது. பாட்டு இல்லை, அப்பா சொன்னதுதான் இருந்தது. அக்கா முழுதும் வாசித்தார். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, வாங்குப் பலகையில் இருந்த அப்பாவிடம் கொடுத்தார்.

“பாட்டு போயிட்டு அங்கிள். இதுதான் மிச்சம்.”

பாட்டைத் திரும்ப ஏற்ற எனக்குப் பத்து நிமிசம் போதும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அப்பா தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து மெல்ல வாசித்து முடித்தார்.

“அண்ணையிட்டச் சொல்லு, மிசின் பழுதாப் போச்செண்டு. இதையே அடி” என்றார். “அந்தப் பாட்டு உன்ர அம்மாவுக்கு விளங்காது.”