பட்டர்ஸ்கொச் குக்கீயும் என் சத்துக் கணக்கும்

குசினியில் குக்கீ சுட்டு விற்பது லேசான தொழில்தான், “இது உடம்புக்கு நல்லதோ?” என்று கேட்க ஆள் வரும்வரை. வீட்டிலிருந்து தின்பண்டம் விற்கிற உங்களுக்கும் இந்த வேதனை தெரிந்திருக்கும். அன்புவழிபுரத்தில் நான் சுடுவது பட்டர்ஸ்கொச் குக்கீ. பட்டரையும் சீனியையும் காய்ச்சி, இறுகியதும் சின்னத் துண்டுகளாக உடைத்து, ஏற்கெனவே சீனி போட்ட மாவில் கலப்பேன். அதாவது, சீனிக்குள் சீனி.

லேபல் ஒட்டிய நாள்

பெரிய கொம்பனிப் பொதிகளைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. கலோரி, கொழுப்பு, சீனி எல்லாம் கணக்குப் பார்த்து லேபல் அடித்தேன். வாசித்துவிட்டு ஆட்கள் என்னை மதிப்பார்கள் என்று நினைப்பு.

கிண்ணியாவிலிருந்து மீன் வியாபாரத்துக்கு வரும் நிசார் நானா எப்போதும் மூன்று பொதி எடுப்பார். அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். இரண்டைத் திரும்ப வைத்தார். மற்றதைப் பெருமூச்சோடு பைக்குள் போட்டார்.

“தங்கச்சி, நீங்க இத எழுதாம விட்டிருந்தா நான் நிம்மதியாத் திண்டிருப்பன்.”

குரக்கன் பரிசோதனை

அந்த ரோசத்தில் சத்தான குக்கீ சுட வெளிக்கிட்டேன். கோதுமை மாவுக்குப் பதில் கேழ்வரகு என்கிற குரக்கன் மா, சீனி பாதி, பட்டர் பேருக்கு. தட்டிப் பார்த்தால் ஓட்டுத் துண்டு மாதிரிச் சத்தம். ஆறினால் சரிவரும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, சல்லிக் கடற்கரையில் தோணி வைத்திருக்கும் ராசன் அண்ணையிடம் கடலுக்குக் கொண்டுபோகக் கொடுத்தேன். திரும்பி வந்தவரிடம் ஆவலோடு கேட்டேன். மனுசனுக்குப் பொய் சொல்ல வராது.

“மீனுக்கு எறிஞ்சனாங்கள் பிள்ளை. நேரே அடிக்குப் போயிட்டுது. மீனுக்கு வந்து பாக்கக்கூட நேரம் கிடைக்கேல்லை.”

கிளினிக்கில்

தலைச்சுற்று என்று கிளினிக்குக்குப் போனேன். இரத்தம் சோதித்ததில் சீனி ஏறிக் கிடந்தது. என் அப்பாவுக்கு இதே வருத்தத்தில்தான் கால் எடுத்தார்கள்.

“இனிப்புச் சாப்பிடுறனீங்களோ?” என்று கேட்டார் நேர்ஸ்.

விற்கிற குக்கீயைத் தொடுவதேயில்லை, உடைந்ததை மட்டும் வீணாக்காமல் சாப்பிடுவேன் என்றேன்.

“நிறைய உடையுமோ?”

உடையாவிட்டால் நானே உடைப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் முகமே அதைச் சொல்லியிருக்க வேண்டும். மருந்துத் துண்டை நீட்டியபடி, சிரிக்காமல் சொன்னார்:

“உடைஞ்ச இடத்தால சீனி கொட்டுப்பட்டுப் போகாது அக்கா.”

இப்போது மருந்தோடு எனக்குச் சீனி மெல்ல இறங்குகிறது. ருசி பார்க்கும் வேலையை என் கணவர் பொறுப்பெடுத்திருக்கிறார், கூப்பிடாமலே நேரத்துக்கு வந்து நிற்கிற இப்படியொரு வேலையாள் இந்தத் தொழிலில் வேறு யாருக்கும் கிடைத்திருக்க மாட்டார்.