திறந்த பாதைக்கு அரைக்கொட்டை

ஜெயவேல் அவ்வளவு ஒல்லி. ராயபுரத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் சட்டை மட்டும்தான் துறைமுகத்துக்கு வந்து சேரும், ஆள் எண்ணூரில் போய் விழுவான். அவனும் நானும் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். 1951 கோடையில் பத்தொன்பது நாளாக அவன் பேரை யாரும் கூப்பிடவில்லை.

அப்போது வேலை அப்படித்தான். விடிந்ததும் கேட்டுக்கு வெளியே முந்நூறு பேர் நிற்போம். மேஸ்திரி மாசானம் பெஞ்சு மேல் ஏறி நாற்பது பேரைக் கூப்பிடுவார். பேர் வந்தால் சோறு. வராவிட்டால் கடல்காற்று, அதை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். ஜெயவேல் பெண்டாட்டி பட்டம்மாளுக்கு அப்போது ஏழு மாதம். புளியங்கொட்டையை வறுத்துத் தின்று பசியாறிக்கொண்டிருந்தாள்.

மாசானம் தெற்கத்திக்காரர், சதுரங்கப் பைத்தியம். கப்பல் மூழ்கினாலும் ஆட்டம் முடிந்துதான் எழுந்திருப்பார். எங்கள் ஆட்கள் நாளைக்குப் பேர் வருமே என்று அவரிடம் வேண்டுமென்றே தோற்பார்கள். அது புரிந்துபோய் ஒரு நாள் பெஞ்சு மேல் நின்று கத்தினார்.

"ஏலே, என்னைய எவனாவது நெசமா செயிச்சான்னா தெனமும் மொதப் பேரு அவன் பேருதாம்ல! வேணும்னே தோத்தான்னா இந்தக் கேட்டுப் பக்கமே வரப்படாது!"

ஜெயவேலுக்குக் காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் தெரு வால்டர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் படிப்பார். அவரிடம் ஒரு பத்திரிகைத் தாள் இருந்தது.

"சதுரங்கம் ஆட்ற மிஷினு செய்யப் போறாங்களாம் மேன். அதுக்கு மூளையே வாணாம். மார்க் போட்டுக்கினே போனா போதும்."

மந்திரிக்கு ஒன்பது, யானைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று, சிப்பாய்க்கு ஒன்று. நேராக ஓடுகிற காய் யானை. அது நிற்கும் நெடுக்கு வரிசையில் ஆடுகிற இரண்டு பேர் சிப்பாயும் இல்லையென்றால் அது திறந்த பாதை, அதற்குக் கூடுதலாக அரை மார்க். எப்படி நகர்த்தினால் மொத்தம் அதிகமோ, அப்படி நகர்த்த வேண்டும்.

"இன்னா வால்டரு, பாத காலியா கீதுன்னா சும்மா நின்னாலே மார்க்கா?"

"சும்மா நின்னாலே."

"நான் கூட கேட்டாண்ட பத்தொம்போது நாளா சும்மாதான் நிக்கிறேன். எவன் குடுக்குறான்?"

ஜெயவேல் விரல் விட்டு எண்ணினால் பத்துக்கு மேல் போகாது. பட்டம்மாள் தட்டிலிருந்து புளியங்கொட்டையை அள்ளி, கொட்டைக்கு ஒரு மார்க் என்று வைத்து, கொஞ்சத்தை இரண்டாக உடைத்து அரை மார்க் செய்தான்.

"துன்ற கொட்டையப் புடுங்கிக்கினு போறியே, நீ நல்லாருப்பியா?"

"ஞாயித்துக்கெழம வரிக்கும் பொறும்மே. அப்பால டெய்லி சோறுதான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடங்கு நிழலில் ஜெயவேலுக்கும் மாசானத்துக்கும் ஆட்டம். சுற்றி நூறு பேர். எவனாவது காய் சொல்லிக் கொடுத்தால் அவன் பேர் கிழிந்தது என்று மாசானம் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஜெயவேல் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மடியில் கொட்டையை எண்ணினான். அவன் எண்ணி முடிப்பதற்குள் ஒரு கப்பல் வந்து, சரக்கு இறக்கி, ரங்கூனுக்கே திரும்பிப் போயிருக்கும். ஆனால் ஜெயித்துக்கொண்டிருந்தான்! இரண்டு யானையும் திறந்த பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மேஸ்திரி நெற்றியில் வியர்வை.

அவருடைய ராஜா மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் நாட்டு ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். அதற்கு முன் ஒரு செக் வாங்கிவிட்டால் அந்தத் தாவல் போச்சு. முன்யானையைப் பக்கத்து நெடுக்கு வரிசைக்குத் தள்ளினால் செக், ராஜா அங்கேயே முடிந்தது. அங்கிருந்த நூறு பேருக்கும் அது தெரிந்தது.

ஜெயவேலும் யானையைத் தொட்டான். பக்கத்து வரிசையில் அவனுடைய சிப்பாயே பின்னால் நின்றது. அப்படியென்றால் அது திறந்த பாதை இல்லை. அரைக்கொட்டை குறையும். மறுபடி எண்ணினான். கையை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயை வெட்டினான். ஒரு கொட்டை லாபம். அந்தத் தாளை எழுதினவனுக்கு எங்கள் ராஜா தாவும் என்று யார் சொன்னார்கள்?

அவன் யானையைத் தொட்ட நேரத்தில் என்னை ஒரு தடவை பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை போதும். ஊரெல்லாம் கேட்கப் பேசுகிறவன் நான். என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. என் பேர் தினமும் வந்துகொண்டிருந்தது.

ராஜா தாவியது. நாலே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது, தோற்றவன் ஜெயவேல். மாசானம் சந்தோஷப்படவில்லை, பலகையைத் தட்டிவிட்டார்.

"செக் வைக்கத் தெரியாதால ஒனக்கு? பச்சப்புள்ள கூட வைக்கும். வேணும்னுதான தோத்த?"

"அய்யோ, இல்ல மேஸ்திரி, சத்தியமா! அத்த வச்சா அரைக்கொட்ட கொறையுது. நீயே எண்ணிப் பாரு!" என்று மடியை விரித்துக் காட்டினான். கொட்டையெல்லாம் மண்ணில் சிதறியது.

"கொட்டையக் காட்டி என்னையக் கேலி பண்ணுதியோ? கேட்டுப் பக்கம் ஒன்னையப் பாத்தேன், காலு இருக்காது."

எல்லாரும் போன பிறகு அவன் குத்துக்காலிட்டு மண்ணிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கினான். நானும் பொறுக்கினேன்.

"மாமு, நான் எண்ணுனது தப்பா?"

"இல்லடா. கரீட்டாத்தான் எண்ணுன."

மறுநாள் என் பேர் எட்டாவதாக வந்தது. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். காட்டுப்பள்ளிப் பக்கம் உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, விடியும் முன்பே நடந்து போயிருந்தான். அவன் அடுத்த நாளும் வரவில்லை, அந்த மாதமும் வரவில்லை. நான் போன அன்றைக்குப் பட்டம்மாள் கொட்டையைக் கழுவி வறுத்துக்கொண்டிருந்தாள். முழுசு, அரை எல்லாம் ஒரே சட்டியில்.

"துன்னு அண்ணே," என்று இரண்டு அரைக்கொட்டையை என் கையில் வைத்தாள்.

அதை நான் இன்னும் மென்றுகொண்டுதான் இருக்கிறேன்.