டீயில் நனைத்த முத்திரை

"…மை காஞ்சு போச்சுன்னா பள்ளிக்கூடமும் காஞ்சு போச்சுன்னு ஆயிருமா சார்?"

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீசில் ஒருவர் காய்ந்த மைப்பெட்டியில் முத்திரையை அழுத்திக்கொண்டிருந்தார். எஸ்தர் டீச்சர் எப்போதோ கேட்ட இந்தக் கேள்வி சட்டென்று காதில் விழுந்தது. மை வாசனை ஆளை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். என்னைக் குவைத்துக்கு இழுத்துப் போனது.

அங்கே நம்மூர்ப் பிள்ளைகள் படித்த சின்னப் பள்ளி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். எஸ்தர் டீச்சர் தலைமையாசிரியை. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நான் ராஜபாளையத்துக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைப் 'பக்கத்து வீட்டுப் பையன்' என்றுதான் சொல்வார். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பக்கத்து வீடுதான்.

தொண்ணூறாம் வருசம் கோடை விடுமுறையில் சண்டை வந்தது. ஜோர்தானுக்குப் பஸ் கிளம்புகிறது என்றதும் நாங்களெல்லாம் பெட்டி கட்டினோம். டீச்சர் மட்டும் பள்ளியைத் திறந்து, ஊருக்குப் போகாமல் தங்கியிருந்த பிள்ளைகளுக்கு டி.சி. எழுத உட்கார்ந்துவிட்டார்.

"உசுரோட போய்ச் சேந்துருவோம் தம்பி. பொறவு பிள்ளைக எந்த வகுப்புல உக்காரும்?"

'விலகும் காரணம்' என்ற கட்டத்தில் என்ன போட என்று கேட்டேன்.

"எப்பவும் போடுறதுதான். பெற்றோர் விருப்பம்."

கடைசியில் முத்திரை குத்தப்போனால் மை இல்லை. விடுமுறைக்கு முன் புட்டியைச் சரியாக மூடாமல் வந்த மகானுபாவன் நான்தான். கடைகளிலும் ஒன்றும் கிடைக்காது. டீச்சர் திட்டவில்லை. பிளாஸ்கிலிருந்த பால் விடாத டீயை மைப்பெட்டியில் ஊற்றினார். "டீயும் கறைதான, போகாது." பள்ளியைப் பூட்டினோம். முத்திரை மேசைக்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர். செட்டியார்பட்டியில் இரட்டையர் இருவர், ராஜபாளையத்தில் செல்வி. செல்வி பத்தாம் வகுப்பு. ஊர் வந்து சேர்ந்ததும் முதலில் அவளை அங்கேயுள்ள பள்ளியில் சேர்க்க டீச்சரும் நானும் போனோம். வழியில் தங்கிய பாலைவனத்துக் கூடாரத்தில் வெயில் தின்றது போக, டி.சி.யில் பழுப்பாக ஒரு வட்டம்தான் மிச்சம்.

"என்னம்மா இது, டீ சிந்துன மாதிரில்ல இருக்கு?" என்றார் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர்.

டீச்சருக்குப் பொய் வராது. "டீதான் சார். மை காஞ்சு போச்சு."

"இத வச்சு எப்படிம்மா சேக்க? ஒரு வருசம்தான, போனாப் போகுது. வீட்டுல இருக்கட்டும்."

செல்வி கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்தக் குவைத் பள்ளி மறுபடி திறக்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்களாம். டீச்சரும் காலமாகிவிட்டார். டி.சி. கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது, அதில் டீ வாசனை ஏது?

செல்வியைச் சேர்க்கப் போன அன்றைக்கு, அந்தத் தலைமையாசிரியர் அறையில்தான், மை காஞ்சு போனதைப் பற்றிய அந்தக் கேள்வியை டீச்சர் கேட்டார். கேட்டுவிட்டுக் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய எங்கள் பள்ளி முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார். தலைமையாசிரியருடைய மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேண்டாத தாளில் ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டு, செல்வியின் டி.சி.யில் அந்தப் பழுப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் அழுத்திப் பதித்து, ஊதி உலர்த்தி நீட்டினார். தலைமையாசிரியர் பேனா மூடியைக் கழற்றினார்.

டீச்சர் முத்திரையைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றியபடி என் பக்கம் திரும்பி, "செட்டியார்பட்டிக்கு அடுத்த பஸ் எப்ப தம்பி?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.