மம்சாபுரத்தில் கண்ணை மூடச் சொன்ன நாள்

செய்த வேலையைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1994, ஆடி மாதம். மதுரையில் ஒரு கிளினிக்கில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது என் வேலை. ராஜபாளையத்தில் இரைச்சல் மிகுந்த ஒரு நூல் மில்லில் மூன்று மாதம் தொழிலாளர்களைப் பரிசோதித்திருந்தேன். முடிவை முதலாளிகளிடம் விளக்க வரச்சொல்லியிருந்தார்கள்.

மதுரையில் காலை 6.15 பஸ். 85 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், பதிமூன்று ரூபாய். மேற்கே மலையைப் பார்க்க வலதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். நான் பார்க்கவில்லை. பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கூட்டம். ஆங்கிலத்தில் பேசினேன். திரையில் வரைபடமாகப் போட்டேன். பதினைந்தாவது நிமிடமே வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். முடிந்ததும் மேனேஜர் சபாபதி வந்தார்.

"ரிப்போர்ட்டக் குடுத்துட்டுப் போங்கம்மா. லேபர்கிட்ட இதெல்லாம் பேசப்பிடாது."

"காது அவங்களுதுதானே சார்?"

"மில்லு எங்களுது."

சுருக்கென்றது. அன்று மாலை தன் ஊரான மம்சாபுரத்துக்கு வந்து பேசும்படி, நூல் நூற்கும் ஸ்பின்னிங் செக்ஷனில் வேலைபார்த்த செல்லத்தாய் முன்பே கூப்பிட்டிருந்தார். போகலாமா என்று அதுவரை யோசனை இருந்தது. இப்போது இல்லை.

மம்சாபுரத்துக்கு நேர் பஸ் கிடைக்காததால் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன், பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வரைபடங்களை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மலை சரிஞ்ச மாதிரி இருக்கு?"

"காது எவ்வளவு கேக்குதுன்னு காட்டுற படம்ணே."

"எனக்கு எம்புட்டு கேக்குன்னு இதுல எப்படித் தெரியும்?"

படங்களைப் பைக்குள் திணித்துவிட்டு, எதிரே இருந்த கடிகாரக் கடையில் சாவி கொடுக்கிற டைம்பீஸ் ஒன்று வாங்கினேன்.

மம்சாபுரத்தில் ஒரு கொட்டகை. மாலை ஐந்து மணி. காலை ஷிப்ட் முடிந்த பெண்களும், மில்லுக்கே போகாத அவர்களுடைய அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தேன். கண்ணை மூடச் சொல்லப்போகும் நேரம் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சபாபதி.

"காலைல என்னம்மா சொன்னேன்? நிறுத்துங்க."

"செத்த நேரம்தான் சார். நீங்களும் வரிசையில நில்லுங்க. தப்பா இருந்தா இவங்க முன்னாலயே சொல்லுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவர் விறைப்பாக வந்து ஓரத்தில் நின்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். டைம்பீஸைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தேன். டிக் டிக் கேட்பது நின்றதும் கையைத் தூக்கவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது அடியிலேயே சபாபதி கை தூக்கினார். அடுத்தடுத்து ஸ்பின்னிங் பெண்களின் கைகள். எட்டாவது அடியில், "இப்ப கண்ணைத் திறங்க" என்றேன். மில்லுக்குப் போகாத பெண்களின் கைகள் இன்னும் கீழேயே இருந்தன.

செல்லத்தாய் திரும்பிப் பார்த்து, "சார், கடிகாரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்காம்" என்றார். பிறகு என்னிடம், "எம் மகன் வாய்க்குள்ளயே பேசுதான்னு அவன எத்தனவாட்டி அடிச்சிருக்கேன் தெரியுமா?" என்றார்.

சபாபதி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவரும் பல வருடம் ஸ்பின்னிங்கில் நின்றவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மனம் மாறினாரா என்று கேட்காதீர்கள். மறுநாளே கிளினிக்குக்குப் புகார் போனது. இனி மில்லுக்குள் வரக்கூடாது என்று எனக்குக் கடிதம் வந்தது. கிளினிக் டாக்டர் திட்டினார்.

ஆனால் அந்த வாரமே மில் கேட்டில் பெண்கள் சேர்ந்து நின்று காதடைப்பான் கேட்டார்கள். ஆறு மாதம் இழுத்தடித்து ஸ்பின்னிங் செக்ஷனுக்கு மட்டும் கொடுத்தார்கள்.

நீங்கள் பேசப் போவதானால்: மம்சாபுரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்கள் உண்டு, மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கரண்ட்டை நம்பாதீர்கள். போகிற வழியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் உங்கள் வேலையைச் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரியவில்லையென்றால் பேச்சை மாற்றுங்கள், ஆளை அல்ல. முதலாளிகளிடம் ஆங்கிலத்தில் ஒளிந்துகொண்டது என் தப்பு. தொழிலாளர்களிடம் போனது தப்பே இல்லை.

அதன் பிறகு சேத்தூரிலும் தளவாய்புரத்திலும் இதையே பேசினேன். எங்கேயும் அனுமதி கேட்கவில்லை.