மெலேஸ் கன்றுக்குப் போட்ட உப்பு

அப்பா வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் வீடு முழுக்க மரப்பிசினும் வாள் எண்ணெயும் மணக்கும். வடக்குக் காட்டிலிருந்து வந்துவிட்டார் என்பதற்கு, பிள்ளைகளே, அந்த மணம்தான் எனக்கு அடையாளம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் நாங்கள் மொன்றியலில் மூன்றாம் மாடியில் இருந்தோம். மே மாதம் பனி கரைந்ததும் போகிறவர், நட்டு வளர்த்த ஸ்புரூஸ் மரக்கன்றுகளை நெருக்கும் 'பத்தை'ப் புதர்களை இயந்திர வாளால் வெட்டிக்கொண்டு, அடுத்த பனி விழும்வரை அங்கேயே கிடப்பார். ஜூனில் கடிக்கும் கறுப்பு ஈ, ஆகஸ்டில் புளூபெரி, பிறகு கரடிக் காலடி என்று அந்தக் காட்டின் காலங்களெல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில்தான் வந்தன.

ஒருமுறை அங்கிருந்து என் இடுப்பளவு 'மெலேஸ்' கன்று ஒன்றைக் கொண்டுவந்து, பின்பக்கப் பல்கனியில் பெயின்ற் வாளியொன்றில் நட்டார். அங்குள்ள ஊசியிலை மரங்களில் அது மட்டும்தான் மஞ்சளாகி இலை கொட்டுமாம். "இது கொட்டினா நான் வந்திடுவன்" என்றார்.

அந்த வருடம் உங்கள் சித்தப்பா அம்மாவின் வயிற்றில் இருந்தார். ஒக்டோபர் கடைசியில் பிள்ளை பிறக்கும், அதற்குள் அப்பா வருவார் என்பது பேச்சு. ஆனால் சூடு போகவேயில்லை. கன்று பச்சையாகவே நிற்க, அம்மா சாமான் பையோடு ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். பனிக்காலத்தை நானே கொண்டுவருவதென்று முடிவெடுத்தேன். தெருமுனை டெப்பனர் கடையில் ஐஸ் பை வாங்கி வாளியில் கொட்டினேன். பனி என்றால் வழுக்காமலிருக்கப் படிகளில் உப்பும் போடுவார்களே என்று, போன வருடத்து மிச்ச உப்பையும் மேலே தூவினேன். தினமும் செய்தேன்.

ஊசிகள் மண்ணிறமாகிக் கொட்டின. ஞாயிறன்று ஓடிப்போய்த் தொலைபேசியில் சொன்னேன்.

"இங்கை எல்லாம் இன்னும் பச்சையா நிக்குது, அப்பன். பனி விழாமல் எங்களை விடமாட்டினம்" என்றார் அப்பா.

கீழ்வீட்டு அன்ரிதான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அப்பா வந்தபோது தம்பிக்கு மூன்று கிழமை; அவருடைய கைக்குப் போனதும் வீரிட்டு அழுதான். அவனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்பா பல்கனிக்குப் போனார். கன்றின் தோலை நகத்தால் சுரண்டினார், உள்ளே பச்சை இல்லை. வாளி விளிம்பில் காய்ந்திருந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு எப்போது வருவேன் என்று அவர் சொல்லிப் போனதேயில்லை.

போன கோடையில் வடக்கே எரிந்த காட்டின் புகை நாங்கள் இப்போது இருக்கிற லவால் வரைக்கும் வந்து, உங்களை வெளியே விடாமல் ஜன்னல்களைச் சாத்தினோமே, அன்று தாத்தா என் கைபேசியில் எரிந்த இடங்களின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். "நான் வெட்டின பக்கம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஸ்புரூஸ் கன்றுகள் இந்நேரம் வீட்டுயரம் வளர்ந்திருக்கும். திரும்ப முளைக்குமா என்று நீங்கள் கேட்டீர்கள். தாத்தா கைபேசியை என்னிடம் நீட்டினார்.

இன்று டிசம்பர் பாதி. வெளியே இன்னும் பனி விழவில்லை, மழைதான் தூறுகிறது. கராஜில் உப்புப் பை வாங்கிவந்தபடியே, கட்டவிழ்க்காமல் கிடக்கிறது.