எட்டாவது ஆப்பு

நீலப் பன்றி விடுதியில் நேராக நிற்பது ஹெட்டி பிராசர் ஒருத்திதான் என்று ஸ்டோக்கன்பரி ஊரில் சொல்வார்கள். மற்றதெல்லாம் சாய்வு. நானூறு வருடங்களுக்கு முன் ஈரம் காயாத ஓக் மரத்தை அறுத்து, ஆணியில்லாமல் முளையடித்துச் சட்டம் கோத்து, நடுவில் கம்புகளைப் பின்னி மண் அப்பிக் கட்டினார்கள். கட்டியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு மரம் சாவகாசமாகக் காய்ந்து, இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டது. மாடியில் பட்டாணி ஒன்று கைதவறினால் கதவுப் பக்கம் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

ஹெட்டி அங்கே அறைகளைப் பெருக்கிப் படுக்கை விரிப்பவள். வேலைக்குச் சேர்ந்தது 1956இல். சேர்ந்த வாரமே, கட்டிலிலிருந்து சறுக்கி விழுந்த ஒரு விருந்தாளி கத்திய கத்தல் தாங்காமல், எட்டு அறைக்கும் எட்டு மர ஆப்புகள் செதுக்கிக் கட்டில் காலுக்கடியில் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் அறை எண், வருடம், கால் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பின்கட்டில் இருந்த எட்டாம் அறை அவளுடையது. வேறு வீடு அவளுக்குக் கிடையாது.

முப்பத்தொரு வருடம் கழித்து காப்பீட்டுக் கம்பெனி லீசன் என்ற எஞ்சினியரை அனுப்பியது. அவன் இரண்டு நாள் சுவரோரம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சாய்வை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“மொத்தமா மூடிடுங்க.”

விடுதிக்காரர் கிளைவ் டன்ஸ்டனுக்கு முகம் செத்துவிட்டது. “நானூறு வருஷமா சாஞ்சுதான் சார் இருக்கு!”

“சாஞ்சிருக்கறது வேற, சாஞ்சுக்கிட்டே இருக்கறது வேற. பழைய அளவு ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“எங்கிட்ட இருக்கு தம்பி,” என்றாள் ஹெட்டி. “கட்டிலுக்கு அடியில.”

லீசன் ஒவ்வொரு அறையாக மண்டியிட்டுப் பார்த்தான். முதல் அறையில் கட்டில் கால் கோட்டின்மேல் அப்படியே நின்றது. அடுத்ததிலும் அப்படித்தான். ஏழாவது அறையிலிருந்து வெளியே வந்தபோது கிளைவ் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

“அசையவே இல்ல,” என்று நோட்டை மூடினான் லீசன்.

“வாங்க சார், கீழ சூடா சாப்பாடு இருக்கு. எட்டாவது ஹெட்டிக்கா ரூமு, அதுல என்ன பாக்கறதுக்கு இருக்கு?”

ஹெட்டிக்குத்தான் தெரியும், என்ன இருக்கிறது என்று. வசந்தத்திலிருந்தே, கட்டில் சாயச் சாய, அவள் அந்த ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். கட்டில் கால் தேய்ந்துவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இரும்புக் கால் அது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த அறைக்கு நேர்கீழே சமையலறை. கிளைவின் மனைவி அங்கே பாட்டுப் பாடியபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு சகிக்கவில்லை.

“எட்டையும் பாத்துடு தம்பி.”

கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை. லீசன் குண்டை மறுபடி தொங்கவிட்டான். பின்கட்டுச் சட்டம் மட்டும் முளைகளிலிருந்து கழன்று பிரிகிறது, முன்பக்கம் கெட்டி என்றான். விடுதி பிழைத்தது. பின்கட்டுக்கு அன்று மாலையே பூட்டு.

கிளைவ் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “ஏன்க்கா, உனக்கு நீயே ஆப்பு வெச்சுக்கிட்டியே.”

“அது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடியே வெச்சது,” என்றாள் ஹெட்டி.

நகராட்சி அவளுக்குப் புதிய கான்கிரீட் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்தது. தரை ஒரே மட்டம். படுத்தால் சுவர்கள் விறைப்பாக நின்று முறைத்தன. மூன்று நாள் பொட்டுத் தூக்கமில்லை. நான்காம் நாள் பெட்டியிலிருந்து எட்டாவது ஆப்பை எடுத்துக் கட்டில் காலுக்கடியில் கோடு வரைக்கும் தள்ளினாள். அதற்குமேல் தள்ளவில்லை. படுத்துப் பார்த்தாள். சுவர்கள் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தன.